அட்டையம்மாவும் மூன்றாகப் பிரியாத கோணமும்

கணிதத் துறை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு அட்டையம்மா என்று பேர். ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை, தபால் அட்டை. ஊரில் உள்ள அரைக்கிறுக்கு, முழுக்கிறுக்கு எல்லாரும் கணிதத் துறைக்குத்தான் கடிதம் எழுதுவார்கள். ஒருத்தர் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்பார். இன்னொருத்தர் எண்களிலேயே கடைசி எண்ணைப் பார்த்துவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை என்பார். இவர்களுக்கென்றே ஒரு அட்டை அச்சடித்து வைத்திருந்தார்கள். 'தங்கள் நிரூபணம் கிடைத்தது. முதல் தவறு: பக்கம் —, வரி —.' யாராவது ஒரு பேராசிரியர் அரைக்கண்ணால் பார்த்து எண்ணைச் சொல்வார், அவள் நிரப்பி அனுப்புவாள். இரண்டாம் பக்கத்தைத் தாண்டிய ஆளே கிடையாது.

அனுப்புவதற்கு முன்னால், மூன்றரை மணி டீ வேளையில் ஒரு கூத்து நடக்கும். அன்றைய கடிதங்களில் நல்ல சரக்காகப் பொறுக்கி அவள் எடுத்துக் கொடுப்பாள். துறைத்தலைவர் குரலை ஏற்றி இறக்கிப் படிப்பார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களின் லட்சணம் என்ன தெரியுமா? சாக்பீஸை நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள். கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளைக் கை அச்சோடு ஊரெல்லாம் சுற்றுகிறவர்கள். அதில் ஒருவருக்கு 'தெளிவு' என்றே பட்டப்பேர். எதைக் கேட்டாலும் "அது தெளிவு" என்பார், ஆனால் தன் வகுப்பு எந்த அறையில் என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தெளிவானதில்லை. அட்டையம்மாவும் கூடச் சேர்ந்து புரையேறச் சிரித்தவள்தான். போதாததற்கு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பழுப்பு உறை ஒன்று வந்தது. 'தலைவர் மட்டுமே பிரிக்கவும்' என்று மேலே எழுதியிருந்தது. தலைவர் பிறந்ததிலிருந்து ஒரு உறையைப் பிரித்தவர் இல்லை. கையெழுத்தைப் பார்த்ததும் அட்டையம்மா அவசரமாக உறையைப் பிரித்தாள். பேர் யாரோ எவரோ. கையெழுத்தும் விலாசமும் அவள் வீட்டுக்காரருடையவை.

அவர் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவர். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் காம்பஸும் கையுமாக எதையோ வரைந்துகொண்டிருந்தார். பட்டறைச் சமாச்சாரம் என்று அவளும் விட்டுவிட்டாள். இப்போதல்லவா தெரிகிறது! காம்பஸையும், அளவு குறிக்காத வெறும் கோல் ஒன்றையும் வைத்துக்கொண்டு எந்தக் கோணத்தையும் சரிசமமாக மூன்றாகப் பிரித்துவிட்டாராம், பதினோரு பக்கத்தில். அது நடக்கவே நடக்காது என்று எப்போதோ நிரூபித்து மூடிவிட்டார்கள் என்பது டீ வேளையில் அவள் நூறு தடவை கேட்ட செய்தி.

"இன்னைக்கு என்ன சரக்கு?" என்று தலைவர் எட்டிப் பார்த்தார்.

"தபாலே வரல சார்."

அந்த அலுவலகத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஒன்றுமே தெரியாத முகத்தோடு, "வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். அப்படியே உங்க தலைவரையும் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்" என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு இந்த மனுஷன் டீ வேளையில் போய் நிற்பதும், தலைவர் குரலை ஏற்றி இறக்குவதும் கண்முன்னால் வந்தன. அதற்கு முன்னால் தவறு எங்கே என்று அவரிடம் காட்டியாக வேண்டும். எந்தப் பேராசிரியரிடமும் காகிதத்தைக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் மூன்றரை மணிக்கு மானம் போய்விடும்.

மறுநாள் தெளிவைத் தனியாகப் பிடித்தாள்.

"சார், கோணத்த மூணாப் பிரிக்க முடியாதுங்கறீங்களே. நாளைக்கே ஒருத்தன் பிரிச்சுட்டான்னா?"

"மாட்டான். அது தெளிவு."

"எனக்குத் தெளிவா இல்லயே சார்."

அவர் அவளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "காம்பஸும் கோலும் வச்சு என்ன பண்ணாலும், உள்ள நடக்கற கணக்கு ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு ரெட்டிச்சுக்கிட்டேதான் போகும். அது எப்பவாவது மீதியில்லாம மூணால வகுபடுமா?"

அவள் பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு என்று மனசுக்குள் போய்ப் பார்த்தாள். "படாது சார்."

"அவ்வளவுதான். மிச்சம் இருபது பக்கம் இருக்கு, அதுவும் தெளிவு."

தவறு இருக்கிறது என்பது நிச்சயமாகிவிட்டது, எங்கே என்பதுதான் பாக்கி. மதிய இடைவேளைகளில் கோப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு கோடாகத் தானே வரைந்து பார்த்தாள். முதல் பக்கம் சரி. இரண்டு சரி. ஆறாம் பக்கம் வரைக்கும் சரியாகவே வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அட்டையை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். பக்கம் ஏழு, வரி நான்கு.

அவர் முகம் செத்துவிட்டது. "இது எப்படி உன் கைக்கு... எல்லாரும் படிச்சாங்களா?"

"நான் மட்டும்தாங்க. வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அவர் பெட்டியிலிருந்து நகலை எடுத்து ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். 'இந்த வில்லும் இந்த நாணும் சமம்' என்று இருந்தது.

"அந்தப் புள்ளிலேர்ந்து இந்தப் புள்ளிக்கு வளைஞ்சு போறதும் நேரா போறதும் ஒரே தூரமாங்க?" என்றாள்.

"மயிரிழைகூட வித்தியாசம் இல்லம்மா. பட்டறையில இது பாஸ்."

"அங்க ஃபெயில்."

"அளவுல கூடக் குறைய எவ்வளவுதான் விட்டுக் குடுப்பாங்க?"

"ஒண்ணுமே விட மாட்டாங்க."

"ஒண்ணுமேவா? எப்படித்தான் பொழைக்கிறாங்களோ, கிறுக்குப் பசங்க!" என்றார். ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை அல்லவா! கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "முதல் தவறே ஏழாம் பக்கத்துலதான்னா, முதல் ஆறு பக்கம்?" என்று கேட்டார்.

"அத்தனையும் சரி. ஒரு கோடு விடாம நானே வரைஞ்சு பாத்தேன். இவ்வளவு தூரம் யாருமே வந்ததில்ல."

"ஆறு பக்கம் சரி" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நான் வரல" என்றார்.

அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்த தைரியத்தில் கோபமும் வந்தது. "ஆறு வருஷம் என் கண்ணு முன்னாடியே வரைஞ்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"சொன்னா நீ சிரிச்சிருப்ப" என்றார்.

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு, மறுநாள் டீ வேளையில் அவர்களிடமும் சொல்லியிருப்பாள்.