பன்றிக் கூடும் பக்கத்துக் கம்பியும்

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. தேநீரைக்கூட நின்றபடியே குடிப்பவன். அந்த மாரிக்கு முல்லைத்தீவுப் பக்கம் இரண்டு ஏக்கரில் கச்சான் கடலை போட்டிருந்தேன். காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கின. ஒரு நாள் விடியப் போய்ப் பார்த்தால் நாலு வரிசை உழுதது போலப் புரண்டு கிடந்தது.

பக்கத்துத் தோட்டக்காரரை, மூத்தவர் என்ற முறையில், நான் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். இடம்பெயர்ந்து பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்த முஸ்லிம் மனிதர். அவருக்கும் அதே சேதம். ஆனால் பன்றி என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ‘அதுகள்’ என்றுதான் சொல்வார்.

“தம்பி, உங்கட பொங்கல் வரைக்கும் பொறுக்கிறன். அதுக்குப் பிறகும் அதுகள் வந்தா எல்லையில கரண்ட் கம்பிதான்” என்றார்.

என் அண்ணன் அப்படி ஒரு கம்பியில்தான் செத்தார். வாய்க்கால் மறிக்க விடியற்காலையில் போனவர், யாரோ பன்றிக்கு இழுத்துவிட்ட கம்பியில் கால் பட்டு வரம்பிலேயே கிடந்தார். கம்பி போட்டவர் கெட்டவர் இல்லை. செத்தவீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர்களும் போடுகிற கம்பி அது என்பதால்தான் எனக்கு அவ்வளவு பயம்.

இதை நானாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனின் கதையை எடுத்தால் என் குரல் உடைந்துவிடும். அடுத்த காணிக்காரர் முன்னால் அப்படி நிற்க என் ரோசம் விடவில்லை. “கம்பி வேண்டாம் நானா, மாடு கண்டுகள் திரியிற இடம். நான் கூடு அடிச்சுப் பிடிச்சுத் தாறன்” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடியேறியவர்கள். காணி கிடைத்ததும் வீட்டுக்கு முன்னம் வேலி அடைத்த பரம்பரை. அடைப்பு என்றால் எனக்குத் தெரிந்ததும் வேலிதான். வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியால்களை நாலு மூலை பிடித்து நெருக்கி நட்டேன். குறுக்கே வரிச்சுக் கட்டி, தென்னோலைக் கிடுகால் ஒரு பொட்டு இடைவெளிகூட விடாமல் அடைத்தேன். வாசலுக்கு மேலிருந்து விழுகிற பலகைக் கதவு. அதற்குள் கால் வைத்ததும் முட்டுப்படுகிற மாதிரி ஒரு கயிறு. கயிறு இழுபட்டால் கதவு விழும். உள்ளே புளிக்க வைத்த நெல்லும் மரவள்ளிக் கிழங்கும் போட்டேன். தள்ளி நின்று பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அயலவரின் கண் குசினி அடுப்படிக்குள் விழாத வேலி என்றால் அதுதான்.

பன்றிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து நாள் விடிய விடியப் போனேன். கூட்டைச் சுற்றிக் காலடிகள் இருந்தன. வாசலுக்கு வெளியே சிந்திய நெல்லு மட்டும் தின்னப்பட்டிருந்தது. ஆறாம் நாள் நானா வந்து எட்டி நின்று பார்த்தார்.

“தம்பி, இது கூடு இல்ல. குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீட்டு வேலி. அங்கால வெளிச்சம் தெரியாத இடத்துக்குள்ள அதுகள் தலை வைக்குமே?”

அவர் சொன்னது சரி என்பதால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே கிடுகு முழுவதையும் பிரித்தெறிந்தேன். பழைய இரும்புக் கடையில் கொங்கிறீற்றுக்குப் போடும் கம்பி வலை வாங்கி, கதியால்களோடு சேர்த்துக் கட்டினேன். கதவை விழாமல் கட்டி வைத்து, ஒரு கிழமையாவது உள்ளே தின்று பழக விடவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மூன்றாம் நாளே கயிற்றைப் பூட்டினேன்.

விடியப் பார்த்தால் உள்ளே ஒரேயொரு குட்டி. முதலில் நுழைந்ததே கயிற்றில் முட்டிக் கதவை விழுத்திவிட்டது. தாய்ப்பன்றி வெளியே நின்று ஒரு மூலையைக் கிண்டிப் பள்ளமாக்கியிருந்தது. நான் கிட்டப் போக, குட்டி அந்தப் பள்ளத்தால் நழுவி ஓடியது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் என் பக்கம் வரவில்லை. நானாவின் கச்சானுக்குள் இறங்கியது.

அடுத்த நாள் எல்லையில் முழ உயரத் தடிகள் வரிசையாக நின்றன. அவருடைய கொட்டிலில் புதுக் கம்பிச் சுருள் ஒன்று தொங்கியது. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூலை இருந்தால்தானே முட்டவும் கிண்டவும் வசதி. கூட்டை வட்டமாக மாற்றினேன். கதியால்களைப் பிடுங்கினால் பாதி வேர்விட்டுத் தளிர்த்திருந்தன; அவையும் தங்களை வேலி என்றே நினைத்துவிட்டன. வலையின் அடியை முழங்கை ஆழம் மண்ணுக்குள் இறக்கினேன். கயிற்றை வாசலிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கம் புதைத்த கிழங்கின் அடியில் கட்டினேன். முழுக் கூட்டமும் உள்ளே வந்து தின்று தீர்த்த பிறகுதான் அந்தக் கிழங்குக்கு மூக்கு வரும்.

இந்த முறை கதவை விழாமல் கட்டி வைத்தேன். பிறகு காத்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு மரண தண்டனை. வெட்ட ஒன்றும் இல்லாமல் கத்தி தீட்டினேன். வாசல் படலைக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன்.

“இஞ்சாருங்கோ, அந்தக் கூட்டுக்குள்ள முதல் உங்களைத்தான் அடைக்கோணும்” என்றாள் மனைவி. “நானாவிட்டப் போய் உள்ளதைச் சொல்லுங்கோவன்.”

“நீ உன்ர வேலையைப் பார்” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒவ்வொரு விடியலிலும் காலடிகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருந்தன. பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் கதவின் கட்டை அவிழ்த்துக் கயிற்றைப் பூட்டினேன்.

பொங்கலன்று மனைவி முற்றத்தில் பானை வைத்திருந்தாள். பால் பொங்கும் வரையாவது நிற்கச் சொன்னாள். நான் நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு விழுந்து கிடந்தது. பெரியவை இரண்டும் சின்னவை ஆறுமாக வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடின. வலை தாங்கியது. அவற்றை ஆற அமர நான் பார்க்கவில்லை. நானா கம்பி இழுக்க முன்னம் சொல்லிவிட வேண்டும் என்று எல்லைக்கு ஓடினேன்.

தடிகள் எல்லாம் பிடுங்கப்பட்டு ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. நானா நிலத்தில் குந்தியிருந்து, அந்தப் புதுக் கம்பியைக் குறட்டால் முழம் முழமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“நேற்று உங்கட மனிசி வந்து அண்ணன்ர கதையைச் சொன்னவா” என்றார், தலை நிமிராமல். “ஒண்டரை மாசமாக் கட்டிக் கட்டிப் பிரிச்சீங்க. ஒரு நாள் வந்து, நானா, எனக்குப் பயமாக் கிடக்கு எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, நான் இதை வாங்கியே இருக்க மாட்டன்.”

வெட்டிய துண்டுகளை என் பக்கம் தள்ளினார். “கூட்டுக்குக் கட்ட உதவும்.”

“பிடிபட்டிட்டுது நானா, எட்டு” என்றேன். அதைச் சொல்லத்தான் ஓடி வந்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் அவருக்கு எதிரே மண்ணில் குந்தினேன். அண்ணன் வாய்க்கால் மறிக்கப் புறப்பட்ட அந்த விடியலிலிருந்து தொடங்கி முழுவதையும் என் வாயால் சொன்னேன். குரல் உடைந்தது. நானா குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.