மார்கரெட் கேட்கும் தண்ணீர்

செருப்பைக் கழற்றும்போதே மார்கரெட் தண்ணீர் கேட்டுவிடுவார். அந்த வீட்டு மருமகள் எழுந்தால், "நீ குந்தும்மா, பெரியவரே எட்துகினு வரட்டும்" என்று தடுப்பார். கொண்டுவந்த தம்ளர் பாதிக்குக் குறைந்திருந்தால் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். இடம் இல்லை என்று அர்த்தம்.

நெம்மேலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஐம்பத்தாறு வயது. சேர விரும்புகிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதி வருவது அவர் வேலை. குளியலறைக் கதவைத் திறந்து மோந்து பார்ப்பார். மாத்திரை டப்பாவைக் கொட்டிக் கிளறுவார். பிள்ளைகள் சொல்வதை மட்டும் எழுதமாட்டார். "அவங்கள கேட்டா எல்லா அப்பாவும் ஓடிக்கினுதான் கீறாரு."

தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவருக்குத்தான் அந்த இல்லம். முடியாதவருக்குக் கதவு இல்லை. இதென்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை கேட்டும் விட்டேன். "நானா ரூல் போட்டேன், அண்ணாத்த? படுத்துட்டா தூக்க அங்க ஆள் இல்ல" என்றார். என் அம்மா தந்த தம்ளரை அவர் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். முத்துசாமி, லாரி ஓட்டியவர், எண்பது வயது. மகன் ரஞ்சித்குமார் குடும்பத்தோடு ஓசூருக்குப் போகிறான். அப்பாவை அழைத்துப்போவதாக இல்லை. இரண்டு இல்லங்கள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். பெரியவர் காலையிலேயே சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

"தண்ணிதானே? தோ, எட்தாறேன்."

சுவரைப் பிடித்துப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கை நடுங்கிய நடுக்கத்தில் அடுப்படியிலிருந்து நாற்காலி வரை தரையெல்லாம் ஈரம். கண்ணில் புரை, தண்ணீர் சிந்தியது அவருக்குத் தெரியவில்லை. காலித் தம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிம்மா. பானைத் தண்ணி. ஜில்லுனு கீது."

ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

மார்கரெட் தம்ளருக்குள் பார்த்தார். அண்ணாந்து, தொண்டை அசைய, மெதுவாகக் கடைசி வரை குடித்தார். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.