வேணுவின் கையும் நாற்பது கிராம் டிஸ்க்கும்

கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை வந்து இறங்கினால் முதலாளி தராசைப் பார்ப்பதற்கு முன்னால் வேணுவைத்தான் பார்ப்பார். வேணு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி காயை அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார். காதோரம் கொண்டுபோய்க் குலுக்குவார். மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு தேறும் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். உடைத்து நிறுத்துப் பார்த்தால் கால் கிலோ முன்னே பின்னே இருக்கலாம். அதுவும் தராசின் கோளாறு என்பது வேணுவின் கட்சி. இருபத்தெட்டு வருஷமாக இதுதான் வேலை, மண்டியில் எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் இதேதான் வேலை. தராசு சொன்னதை வேணு ஒப்புக்கொண்டால்தான் விவசாயிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

மண்டியோடு இது நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. மனிதர் அந்தக் கையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காய் கனமாக இருந்தால் உள்ளே பருப்பு இருக்கிறது, லேசாக இருந்தால் பொக்கு. உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்கும் இந்த ஒரே சட்டம்தான். வேங்கிக்காலில் அவர் கட்டிய சின்ன வீட்டில் இருக்கும் குக்கரை அவர் மனைவி சரசு ஒரு கையால் தூக்கியதே கிடையாது. கடையில் இருந்ததிலேயே கனமானதைத் தேடி எடுத்துவந்த குக்கர் அது. அதில் சாதம் வைத்தால் இறக்குவதற்கு ஆள் கூப்பிட வேண்டும். தெருவில் எல்லோரும் தட்டை டிவிக்கு மாறியபோது வேணு மட்டும் பழைய பெட்டி டிவியை நாலு வருஷம் விடவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் போட்ட செயினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சபையிலேயே ஒரு எண்ணைச் சொன்னவர் அவர். எண் சரிதான். அதனால்தான் அந்தச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று கேட்டால் என்ன நடக்கும்?

கேட்க வேண்டிய நிலைமை வந்தது. வேணுவின் ஒரே மகள் அபிநயா, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்தவள், சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை வாங்கியிருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அவர்கள் அனுப்புகிற வீடியோக்களை வெட்டி, ஒட்டி, கீழே எழுத்து போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் சோதனை, ஒரு நாளைக்குப் பத்து வீடியோ. தேறினால் வீட்டிலேயே இருந்து பார்க்கலாம். தேறாவிட்டால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். முதல் விஷயத்தைக் கேட்டு வேணு மண்டிக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது விஷயத்தை அவர் காதில் வாங்கவே இல்லை. மகள் இல்லாத வீட்டை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. மண்டியிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டர்தான் பாடாய்ப் படுத்தியது. சுவிட்சைப் போட்டால் திரை வருவதற்குப் பதினோரு நிமிஷம். உள்ளே இருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. சின்னக்கடைத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளவரசன், தூரத்து உறவு, வந்து பார்த்துவிட்டுப் பழைய டிஸ்க் போகப் போகிறது, இன்றைக்கோ நாளைக்கோ என்றான். அடுத்த நாளே அப்பாவும் மகளும் கடைக்குப் போனார்கள்.

இளவரசன் இரண்டு சாமானை எடுத்து மேசையில் வைத்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஹார்டு டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் உண்டு. ஆனால் உள்ளே தட்டு சுற்றி, முள் தேடிப் படிக்க வேண்டும், அதனால் நிதானம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிறது, ஆடுகிறது எதுவும் இல்லை, கேட்டவுடன் கொடுக்கும். இடம் கம்மி. பாப்பா வேலைக்கு இதுதான் சரி என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வேணு இரண்டையும் கைக்கொன்றாக எடுத்துவிட்டார். அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள்.

வலது கையில் ஹார்டு டிஸ்க். வேணு இரண்டு தரம் தூக்கிப் பார்த்து, நானூற்று இருபது கிராம் என்றார். இடது கையில் எஸ்.எஸ்.டி. நாற்பது வந்தால் அதிகம், அதிலும் பாதி டப்பாவின் எடை என்றார். இளவரசனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை, பந்தயம் கட்டினான். பக்கத்து ஸ்வீட் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். நானூற்றுப் பதினெட்டு. மற்றது நாற்பது. ஸ்வீட் கடைக்காரர் வேணுவுக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார். அந்த நிமிஷமே வழக்கு முடிந்துவிட்டது.

இருந்தாலும் நியாயஸ்தர் ஆயிற்றே, இன்னொரு சோதனையும் செய்தார். எஸ்.எஸ்.டி.யைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே 'உர்ர்' என்று ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

"இது வேலை செய்யுது. அது தூங்குது" என்றார் வேணு. "ஒரே துட்டுக்கு பொக்கை வாங்கிக்கினு போனா என்னை மண்டியில சேர்ப்பாங்களா?"

அபிநயா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். படம் போட்டுக் காட்டினாள். இளவரசன் தன் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து மூடித் திறந்து காட்டினான். வேணு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கனமானதற்குப் பணத்தை நீட்டினார்.

புது ஹார்டு டிஸ்க் வந்த பிறகு பதினோரு நிமிஷம் நாலு நிமிஷமாகக் குறைந்தது. வேணு மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் வீடியோ வேலை தொடங்கியதும் சாயம் வெளுத்தது. ஒரு வீடியோவைத் திறந்து, வெட்டி, சேமிப்பதற்குள் அபிநயா சரசுவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவாள், அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாள், அப்படியும் ஆறு வீடியோதான். வேணு தன் பங்குக்குப் பாடுபடாமல் இல்லை. கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதைக் காற்று வாங்கவிட்டார். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது அடி அண்ணாமலை கோயில் வாசலில் நின்று, இன்னும் நாலு வீடியோ கூட வரணும் சாமி என்று வேண்டிக்கொண்டார். சாமிக்கு எண் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

சரசுவும் அபிநயாவும் மட்டும் சில நாட்களாகக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வேணு உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தண்ணீர் வாசல்படி தாண்டி அறைக்குள் வந்தது. வேணு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே போட்டார். அரிசி டிரம், பழைய பாய், பிறகு அபிநயாவின் சூட்கேஸ். அதைத் தூக்கியவர் கட்டிலில் வைக்காமல் அப்படியே நின்றார்.

அந்த சூட்கேஸை வாங்கியதே அவர்தான். காலியாக மூன்றரை கிலோ. இப்போது கை பதினாலு என்றது.

திறந்து பார்க்கவில்லை. கை சொன்னதைத் திறந்து சரிபார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பத்தரை கிலோ என்பது நாலு நாள் போய் வருகிற துணி இல்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் சரசுவிடம், புள்ள எப்போ கிளம்புது என்று கேட்டார்.

சரசு மறைக்கவில்லை. கம்பெனியிலிருந்து மெயில் வந்து ஒரு வாரம் ஆகிறது. அடுத்த வெள்ளிக்குள் பத்து வீடியோ வராவிட்டால் திங்கள்கிழமை சென்னை ஆபீசில் இருக்க வேண்டும். கிண்டியில் ஹாஸ்டல்கூடப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வேணு கேட்டார்.

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? அந்த டப்பாவத் தூக்கிக் காட்டி கிராம் சொல்லுவீங்க. பாப்பா அழுதுனு இருந்துது, உங்களுக்குக் கேக்கல."

வேணு குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். மழை விட்டபாடில்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு விவசாயியிடம்கூட அவர் சொன்ன எண்ணை மாற்றிச் சொன்னது கிடையாது. இப்போது மாற்றிச் சொல்லப் போகிறார், அதுவும் பந்தயத்தில் தன்னிடம் தோற்ற இளவரசனிடம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

கடையில் ஏறி, அந்த லேசானதைக் கொடு என்றார். இளவரசன் கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தான், நனைந்து நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பெட்டியிலிருந்து எஸ்.எஸ்.டி.யை எடுத்து நீட்டினான். வேணு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கையில குடுக்காத, கவர்ல போடு" என்றார். "என் கை பொய் சொல்லாது இளவரசா. இப்பவும் அது பொக்குன்னுதான் சொல்லும். ஆனா இது மல்லாட்ட இல்லயே."

சின்னக்கடைத் தெருவிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பஸ்ஸே பார்த்தது. சட்டைப் பையில் கவரை வைத்தார். எடையே தெரியவில்லை. விழுந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது. கலெக்டர் ஆபீஸ் வருவதற்குள் இன்னும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். நாலாவது தடவை சீட்டுக்கு அடியில் குனிந்தே தேடினார். பக்கத்தில் இருந்தவர் தன் காலை மடக்கி வைத்துக்கொண்டு, இன்னாங்க தங்கமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் வேணு.

ஞாயிற்றுக்கிழமை இளவரசனே வீட்டுக்கு வந்து மாட்டினான். வேலையெல்லாம் எஸ்.எஸ்.டி.யில் ஓடட்டும், முடிந்த வீடியோக்களைப் போட்டு வைக்க ஹார்டு டிஸ்க்கும் உள்ளேயே இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தே வைத்தான். சுவிட்சைப் போட்டதும் திரை வந்துவிட்டது. அபிநயா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், எழுந்துபோய் சூட்கேஸைத் திறந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். திங்கள் அன்று ஒன்பது வீடியோ. புதனுக்குப் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானமே கம்பெனியிலிருந்து போன் வந்தது, வீட்டிலிருந்தே பார்க்கலாம், நிரந்தரம் என்று.

மண்டியில் வேணு சொன்ன கதை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் கம்ப்யூட்டர் சரியாக ஓடும், அது தெரிந்துதான் முதலில் கனமானதை வாங்கிப் போட்டேன் என்றார். யாரும் மறுக்கவில்லை. அவரிடம் நாளைக்கு மூட்டை போட வேண்டுமே.

இதோடு விட்டிருந்தால் வேணுவுக்கு யோகம்தான். ஆனால் வேலை வேகமானதும் அபிநயாவுக்குப் பிற்பகல் முழுக்கக் கையில் மிச்சமாகிவிட்டது. மிச்சமான நேரத்தை அவள் அப்பாவின் மேல் செலவழித்தாள். அவருக்குச் சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு என்று பழைய ரிப்போர்ட் ஒன்றை எங்கிருந்தோ கண்டுபிடித்தாள். பஸ் ஸ்டாண்டு பஜ்ஜி நின்றது. டீயில் சர்க்கரை நின்றது. மூன்றரை மணிக்கு மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள், இருவரும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். சாதம் இத்தனைதான் என்று அளவு வைத்தாள். வேணு அழாத குறை. மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று சந்தோஷம் ஒரு பக்கம், பக்கத்திலேயே இருக்கிறாளே என்ற தவிப்பு ஒரு பக்கம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் மண்டியிலிருந்து நேரே சின்னக்கடைத் தெருவில் இறங்கி, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். வேகம் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது என்றார். அந்தக் கனமான ஹார்டு டிஸ்க்கிலேயே முன்போல ஓட்ட முடியுமா, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பாவுக்கு வேலை இருக்கிற மாதிரி, என்று மெதுவாகக் கேட்டார். இளவரசன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"அஞ்சு நிமிஷ வேலை மாமா, இப்பவே வந்து பண்ணித் தர்றேன். ஆனா ஆறு வீடியோதான் வரும். அப்புறம் பாப்பா கிண்டிக்குப் போயிடும், பரவாலயா?"

வேணு தெருப்பக்கம் திரும்பினார். எதிர்க்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சட்டென்று எழுந்து மணி என்ன என்று கேட்டார். மூன்று ஐந்து என்றான் இளவரசன்.

"அப்ப நான் வரேன்டா. மூணரைக்கு நடக்கப் போவணும், பாப்பா நின்னுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேங்கிக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.