வேலைக்காரியின் கடைசிப் பேச்சு

எங்கள் தமிழ் டீச்சர் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தாலும் வந்தார், எங்கள் உயர்தர வகுப்புக்குச் சனி பிடித்தது. உலக இலக்கியத்தைப் படித்தால் போதாதாம், வாழ்ந்து பார்க்க வேண்டுமாம். அவர் பதுளையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் வந்து போகிறவர். வாழ்ந்து பார்க்க எங்களைத்தான் பிடித்தார்.

பாடத்தில் ஒரு வெளிநாட்டுக் கதை இருந்தது. பனி கொட்டும் பண்ணையில் எஜமானி ஒருத்தி வேலைக்காரிமேல் திருட்டுப் பழி போடுவாள். வேலைக்காரி காலில் விழுந்து கெஞ்சுவாள். கடைசியில் எழுந்து நின்று நியாயம் கேட்பாள், ஒரு பக்கம் நீளத்துக்கு. அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"பனிக்கு நாங்க எங்க போறது? பெரட்டுக்களம்னு வச்சுக்குவோம்" என்றார் டீச்சர். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. எஜமானி வேஷம், அங்கே பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளையின் மகளுக்குப் போனது. வேலைக்காரி வேஷத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வருகிற என்னைப் பார்த்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ லயத்துப் பிள்ளதானே? உனக்கு நடிக்கவே தேவையில்ல. அம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புல கட்டுற படங்குச் சாக்க கொண்டு வா, போதும்."

வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. அப்பா செத்த பிறகு, "இந்தத் தவணையோட நின்னுட்டு மலைக்குக் கொழுந்தெடுக்க வா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒருக்கா நாடகத்த வந்து பாருங்க, பொறகு சொல்லுங்க" என்று நான்தான் அவளை அழைத்தேன். நான் எழுந்து நின்று பேசுவதைக் கேட்டால் மனம் மாறுவாள் என்று நம்பினேன்.

நாடகத்தன்று கல்வி அலுவலகத்து ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றாள். கணக்கப்பிள்ளை மகள், அவளுடைய அப்பா பெரட்டில் ஏசுகிற ஏச்சையெல்லாம் அப்படியே எடுத்துவிட்டாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் படங்கோடு அவள் காலில் விழுந்தேன். அவளுடைய சப்பாத்து என் விரலை மிதித்தது. தெரிந்தேதான் மிதித்தாள்.

பிறகு எழுந்தேன், வாயைத் திறந்தேன். டீச்சர் கைதட்டத் தொடங்கினார். முன்வரிசையும் தட்டியது.

"அவங்களுக்கு டைம் இல்லம்மா. காலுல விழுந்ததோட முடிச்சிருவோம், அதுதான் நல்லா வந்துச்சு" என்று காதில் சொல்லி, என்னை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். அதற்குப் பிறகு அவருடைய புது முறையைப் பாராட்டி அரைமணி நேரம் பேசினார்கள். தேநீரும் கேக்கும் வந்தன. அம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வரும் வழியில், "கத அதோட முடியலம்மா, அவ திருப்பிக் கேப்பா" என்றேன். றோட்டிலேயே நின்று அந்தப் பேச்சைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும்டி. காலுல விழுறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? மலையில விழுந்தா சம்பளமாவது குடுப்பாங்க."

திங்கட்கிழமை பெரட்டில் என் பேரையும் கூப்பிட்டார்கள். நான் ஏன் வரவில்லை என்று டீச்சர் விசாரிக்கவில்லை. அடுத்த பள்ளிக்கூடத்தில் நாடகம் போட அவரை அழைத்திருந்தார்கள்; வேலைக்காரி வேஷத்துக்கு வேறொரு லயத்துப் பிள்ளை கிடைத்துவிட்டாள்.