அப்பா பாக்கி வைத்த மாதங்கள்

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. என் செலவுக்கு அப்பா மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று திண்டுக்கல் கோர்ட்டில் உத்தரவானது. ஜீவனாம்சம் என்ற அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் வேறு யாருக்கும் அது கிடையாது என்று பெருமையாகத் திரிந்தேன்.

அப்பா வத்தலக்குண்டில் காய்கறி வேன் ஓட்டினார். மாதம் பிறந்ததும் சின்னாளப்பட்டியில் என் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்துவார். பணத்தை என் பைக்குள் வைத்துவிட்டு, கையில் ஒரு தேன்மிட்டாயும் தந்துவிட்டுப் போவார். அம்மாவும் அவரும் பார்த்துக்கொள்வதில்லை. பேச வேண்டியதை எல்லாம் என் வழியாகப் பேசினார்கள். தபால்காரருக்காவது சம்பளம் உண்டு, எனக்கு மிட்டாயோடு சரி.

ஒரு மழைக்காலத்தில் கொடைக்கானல் பாதை அடைபட்டு வேன் ஓடவில்லை. அப்பா மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டார். அம்மா விடுவாரா? பாக்கியை வசூலித்துத் தரச் சொல்லி மனு போட்டார். விசாரணை நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கோர்ட் வராந்தாவில் காலியாக இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதில் அம்மா, நடுவில் நான், அந்தப் பக்கம் அப்பா. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அம்மாவால்தான் பொறுக்க முடியவில்லை.

“சட்டையில பட்டனக் காணோம். இப்படியா கோர்ட்டுக்கு வாரது?”

“கோர்ட்டுக்குத்தான வந்தேன், பொண்ணு பாக்கவா வந்தேன்?”

அம்மா சிரித்துவிட்டார். உடனே இருமுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

அப்பா கடன் வாங்கி வந்து பாக்கியைக் கட்டினார், மனு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா பணம் தந்தால் மிட்டாய். தராவிட்டால் மூன்று பேரும் ஒரே பெஞ்சில்!

அடுத்த மாதம் அவர் பணத்தை எடுத்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“வேணாம்ப்பா. இந்த மாசம் குடுக்காத.”

“ஏன்த்தா, உங்கம்மா வேணாம்னாளா?”

“இல்ல. நீ குடுக்காட்டி அம்மா கேஸ் போடும். மறுபடி மூணு பேரும் பெஞ்சுல உக்காரலாம்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “அடி கிறுக்கி, குடுக்காட்டி என்னையத் தூக்கி உள்ள வச்சுருவாங்க!”

“வச்சா என்ன? அம்மாவும் நானும் வந்து பாப்போம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “உங்கம்மா வருவாளா?”

பொய் சொல்வதில் நான் சளைத்தவள் இல்லை. அன்று மட்டும் ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினார். பிறகு பையைத் தானே வாங்கித் திறந்து பணத்தை உள்ளே வைத்தார்.

“பத்திரமாக் கொண்டுபோய்க் குடுத்துரு, என்ன?”

எனக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவர் ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்கவில்லை. நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. எனக்கு மட்டும் அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.