முளைக்குச்சிக்குப் பின்னால்

மரம் சாயப்போகிற நேரத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். கல்யாணமான புதிதில் வந்த பழக்கம். ஓடவேண்டி வந்தால் செருப்பு காலை வாரிவிடுமே என்ற பயம்தான். மரம் வெட்டுகிற அவள் கணவருக்கு அது தீராத கேலி. "மரத்துக்கு மரியாதையோ?" என்பார். அவள் பதில் பேசமாட்டாள். வேற்று ஆட்கள் முன்னால் வாய் திறக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அவளைக் கயிற்றுக்காரி என்பார்கள். கணவர் அடிமரத்தில் ரம்பம் போடுவார். உச்சிக்கிளையில் கட்டிய கயிற்றை எதிர்ப்பக்கம் நின்று அவள் இழுத்துப் பிடிப்பாள். மரம் அவளைப் பார்த்துத்தான் விழும். நுனி எதுவரை வரும் என்று கணவர் கணக்குப் போட்டு ஓர் இடத்தில் முளைக்குச்சி அடிப்பார். அதற்குப் பின்னால் அவள் நிற்கவேண்டும். அந்தக் குச்சியை நம்பித்தான் இத்தனை வருஷமாக அவள் உயிர் ஓடியது.

முன்பெல்லாம் கணவர் கண்ணால் பார்த்தே சொல்வார். ஒருமுறை கிளை அவள் காலடியில் வந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் புத்தகம் வந்தது. நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அவர் வீட்டு மரத்தை வெட்டப் போனபோது கொடுத்தார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ சமஸ்கிருதத்தில் பாட்டாகவே எழுதிய கணக்குகள். கீழே தமிழில் பொருளும் படமும் போட்டிருந்தார்கள். காற்றில் ஒடிந்து நுனி தரையைத் தொடுகிற மூங்கில், புற்றுக்குத் திரும்பும் பாம்பு, அதன்மேல் பாயக் காத்திருக்கும் மயில், நிழலை வைத்து உயரம் காண்பது என்று ஒரே வேடிக்கை. பல கணக்குகள் ஒரு பெண்ணைக் கொஞ்சிக் கேட்பதுபோல இருக்கும். அதைப் படித்ததில் இருந்து கணவருக்கும் கொஞ்சல் வந்துவிட்டது.

"மான்விழி, அந்த மரம் என்ன உயரம், சொல்லு பாப்போம்."

"எனக்கு இருக்கிறது மாட்டு விழி. நகருங்க, அடுப்பைப் பாக்கணும்."

ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பார். மரத்தின் நிழலையும் அளப்பார். குச்சிக்கு இவ்வளவு நிழல் என்றால் மரத்துக்கு எவ்வளவு என்று தரையிலேயே கிறுக்குவார். அன்றுமுதல் கணக்கு பிசகவே இல்லை. ஆனாலும் அவள் பயம் போகவில்லை, செருப்பும் காலில் தங்கவில்லை.

ஒருநாள் மரம் வெட்டப் போன வீடு மேட்டில் இருந்தது. மரம் கீழே தெருவோரம், மின்கம்பிமேல் சாய்ந்து நின்றது. பக்கத்தில் இரண்டு புறமும் அடுத்தவர் சுவர். மேலே வீட்டுப் பக்கம்தான் தள்ளமுடியும். வீட்டின் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், வீட்டுக்கார அம்மாவின் கணவர் பக்கவாதத்தில் கிடந்தார்.

"அவரை வேற அறைக்கு மாத்திடலாமாம்மா?" என்று கயிற்றுக்காரியின் கணவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"தூக்க நாலு பேர் வேணுமே. உங்க கணக்கு என்ன சொல்லுது?"

"சுவருக்கு ரொம்ப முன்னாலயே நின்னுடும்."

வந்ததுமே அவர் வாசலில் சிமெண்ட் தரையில் குச்சியை நிறுத்தி நிழல் அளந்திருந்தார். பிறகு மரத்தின் நிழலை அளக்க அவள் நாடாவைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்திருந்தாள். நிழல் சின்னதாக இருந்தது. மரமோ கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. கணவரிடம் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வழக்கமான பயம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் அடித்த முளைக்குச்சிக்குப் பின்னால் ஜன்னலை ஒட்டி ஒரு கல்தூண் இருந்தது. அதில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். கீழே ரம்பம் அறுக்கத் தொடங்கியது. பாதி அறுத்திருக்கும். உள்ளே தன் கணவரைத் துடைத்துவிட்ட வீட்டுக்கார அம்மா வாளித் தண்ணீரை ஜன்னலுக்குக் கீழே கொட்டினாள். தண்ணீர் கயிற்றுக்காரியின் வெறுங்காலை நனைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து ஓடியது. நிற்காமல் ஓடியது.

அவளுக்கு மூங்கில் படம் ஞாபகம் வந்தது. அதில் தரை, அளவுகோலை வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். குச்சி நின்றதும் சமமான சிமெண்ட் தரையில். மரத்தின் நிழல் விழுந்ததோ இந்த ஏற்றத்தில்.

கத்தினாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!"

ரம்பம் நின்றது. கணவர் அவள் சத்தத்தை அப்படிக் கேட்டதே இல்லை. ஓடிவந்தார். "என்னடி? பாதி அறுத்தாச்சு. விளையாடுற நேரமா?"

"படத்துல தரை எப்படி இருக்கும்?"

"சமமா இருக்கும்."

"இது சமமா?"

அவர் சரிவைப் பார்த்தார். சிமெண்ட் தரையைப் பார்த்தார். ஏற்றத்தில் விழுந்தால் நிழல் குட்டையாகும். மரம் அவர் போட்டதைவிட உயரம். மேலே காற்று வந்தது. அறுத்த இடத்தில் மரம் முனகியது.

கயிற்றைத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். வீட்டுக்கார அம்மாவோடு சேர்ந்து கட்டிலைத் தூக்கினார்கள். கட்டில் பின்னறை வாசலில் சிக்கியது. வெளியே மரம் இன்னொருதரம் முனகியது. படுத்திருந்தவர் நல்ல கையால் கயிற்றுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழறிக் குழறிப் பேசினார்.

"மரம்... வருதா?"

"இல்லீங்கய்யா, வராது."

"என்னைத் தூக்க நாலு பேர் வேணும். மூணு பேர்தான் இருக்கீங்க. அப்ப... இன்னைக்கு இல்ல."

வீட்டுக்கார அம்மா, "வாயை மூடிட்டு வாங்க," என்று அழுதுகொண்டே கட்டிலைச் சாய்த்தாள். சாய்ந்ததும் கட்டில் பின்னறைக்கு நழுவியது.

கணவர் திரும்ப ரம்பத்துக்குப் போனார். இந்தமுறை அவள் கயிற்றைத் தூணில் இருந்து வீட்டின் பின்பக்கம்வரை நீட்டி, மூலையில் ஒளிந்து நின்று இழுத்தாள். மரம் எந்த நேரத்தில் வரும் என்று கண்ணுக்குத் தெரியாததுதான் கொடுமை. கயிறு தளர்ந்தது. பிறகு தரை அதிர்ந்தது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தபோது உச்சிக்கிளை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தது. கட்டில் கிடந்த இடத்தில் இலைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. முளைக்குச்சி கிளைகளுக்குக் கீழ் எங்கேயோ புதைந்துபோனது. வீட்டுக்கார அம்மா தரையில் உட்கார்ந்து, "என் ஜன்னல் போச்சே," என்றாள். கணவர் ஜன்னலைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் புத்தகத்தை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று பயந்தாள். மூங்கில் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"அது மேல தப்பு இல்ல," என்றார்.

இப்போதும் அவர்கள் மரம் வெட்டுகிறார்கள். மரத்தின் நிழல் விழுகிற அதே தரையில்தான் கணவர் குச்சியை நிறுத்துகிறார். முளைக்குச்சியை அவர் அடிப்பதில்லை, அவள்தான் அடிக்கிறாள், அவர் சொன்னதற்கு நன்றாகத் தள்ளியே. இரண்டு பேருமே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். அவளுக்குப் பயம் அப்படியேதான் இருக்கிறது.