கால் பிஸ்கட், ஒரு பாலம்

2006-இல் எனக்கு ஒரு பாலம் எதிரியானது. நான் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் மகன் வீட்டில் இருந்தேன். மகள் வீடு கோல்டன் கேட் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவளுக்கு சிசேரியனில் பெண் பிறந்திருந்தது. பிரசவம் பார்க்கப் போன என் மனைவியும் அங்கேயே தங்கிவிட்டாள். பேத்தி பிறந்து நாற்பத்தொரு நாளாகியும் நான் அவளைப் பார்க்கவில்லை.

முந்தின வருடம் அந்தப் பாலத்தின் நடுவே காரில் போகும்போது மூச்சு முட்டி, நாடி நிமிடத்துக்கு நூற்று முப்பத்திரண்டு அடித்தது. நானே எண்ணினேன். சாகப்போகிறவன் எதற்கு எண்ணுகிறான் என்று கேட்கலாம். முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் இருந்தவன் வேறென்ன செய்வான்? இதய டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "இதயம் நன்றாக இருக்கிறது, வெறும் பதற்றம்" என்றார். அந்த 'வெறும்' எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு மனநல ஆலோசகர், ஒரு அம்மையார். பயப்படும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது அவருடைய முறை. முதல் வாரம் பாலத்தின் படத்தைப் பார்த்தேன். ஏழாவது வாரம் பாலத்துக்கு இந்தப் பக்கமிருக்கும் பார்க்கிங் வரை போனேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டுவிட்டு வீடு திரும்பினேன். யோகா என்று நினைத்து டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள்.

அப்போதுதான் ஒரு டாக்டர் மருந்துக் கஞ்சாவுக்குச் சிபாரிசுத் தாள் எழுதினார். கலிஃபோர்னியாவில் அதற்கு அனுமதி உண்டு; அமெரிக்க மத்திய சட்டத்தில் குற்றம். இது சிகிச்சைக்குத் துணை மட்டுமே, சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டியும்விடும் என்று இரண்டு முறை சொன்னார். நான் ஏற்கெனவே சிட்டிசன். கிரீன் கார்டு நிலையில் இருந்திருந்தால் மகன் அந்தத் தாளைத் தொடக்கூட விட்டிருக்க மாட்டான்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, கஞ்சாவா? நம்ம ஊருல அதுக்குத்தான போலீஸ் இழுத்துட்டுப் போவான்?"

"இங்க டாக்டரே எழுதித் தர்றாரு."

"பீடிகூடப் பிடிச்சதில்ல. எழுபத்தொரு வயசுல நேரா டபுள் பிரமோஷன்!"

மருந்துக் கஞ்சா விற்கும் கடை வாசலில் காவலாளி என் அடையாள அட்டையை வாங்கி, எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்று பார்த்தான். உள்ளே இருந்த பெண் கஞ்சா கலந்த ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "கால் பங்குதான். இரண்டு மணி நேரம் பொறுங்கள்" என்றாள்.

ஞாயிறு காலை கால் பங்கைத் தின்றேன். மகன் காரில் பார்க்கிங்குக்குப் போய்ச் சேரும்வரை ஒன்றும் ஆகவில்லை. பலன் பூஜ்யம், பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே என்று மகனுக்குத் தெரியாமல் இன்னொரு கால். அரை மணியில் எனக்கே தைரியம் வந்து, "கிளம்புடா" என்றேன்.

பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போனேன்.

"பத்தொன்பதுக்கு அப்புறம் என்னடா?"

"இருபதுப்பா."

"அப்படியா? நல்ல எண்."

அதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

இரண்டாவது கால் பங்கு மகள் வீட்டு வாசலில் வேலையைக் காட்டியது. கால்மிதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"அரை."

"கால்னுதான சொன்னாங்க?"

பூஜ்யக் கணக்கைச் சொன்னேன். அவள் அசையவில்லை. "இந்த நிலைமைல குழந்தையத் தர மாட்டேன். அடுத்த வாரம் ஒண்ணும் சாப்பிடாம வாங்க."

"குடிச்சுட்டு வந்தாலாவது வாசனைல கண்டுபிடிக்கலாம்," என்றாள் மனைவி.

ஒன்பது அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்தேன். கோபம் வந்தது. ஆனால் மகள் சொன்னது சரி.

ஆலோசகர் முதலில் சிரித்தார். பிறகு, "போய்த் திரும்பியிருக்கிறீர்கள். பாலம் உங்களை ஒன்றும் செய்யவில்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்" என்றார். புதன்கிழமை கால் பங்கில் பாதியோடு பாலத்தைத் தாண்டி, அப்படியே திரும்பி வந்தோம். ஞாயிறன்று பிஸ்கட்டே இல்லை.

அந்த ஞாயிறு நரகம். உள்ளங்கை வேர்த்தது. மகனின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்ததால் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். "விட்றாதீங்கப்பா, புதுச் சட்டை, கிழிச்சும் விட்றாதீங்க," என்றான். அந்தக் கரை வந்த பிறகும் விடவில்லை.

வாசலில் மகள் விரல்களைக் காட்டினாள். "எத்தனை?"

"மூணு. நான் என்ன டிரைவிங் லைசென்ஸுக்கா வந்திருக்கேன்?"

கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு அது என் பேன்ட்டை நனைத்தது. "பத்து நிமிஷம் வெச்சுக்குங்க," என்று மனைவி குளிக்கப் போனாள். மகள் தூங்கப் போனாள். மகன் டிவி முன்னால் உட்கார்ந்தான்.

ஐம்பத்திரண்டு நிமிடம். கை மரத்துப்போனது. நான் யாரையும் கூப்பிடவில்லை.